பாங்கிக் கணக்கில் தாமிரபரணி

(அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



கடனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி சிரிக்கிறார். "எங்களுக்குத் தெரியாத கடனா?" என்பதுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம். நியாயம்தான். கடன் எங்கே கிடைக்கும், வட்டி எவ்வளவு, வசூல்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எந்த வாசல் வழியாக வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுக்கிறவன் தன் நோட்டில் உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறான்? அது உங்கள் கண்ணில் படுவதில்லை. இன்று அந்த நோட்டைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

அந்த நோட்டில் சமீப காலமாக ஒரு புதிய பத்தி சேர்ந்து வருகிறது. கடன் கேட்கிற இடத்தில் வெள்ளம் வருமா, வறட்சி வருமா, தண்ணீர் தீர்ந்து போகுமா, ஆலையின் கழிவு ஆற்றைக் கெடுக்குமா, அதனால் ஆலையே மூடப்படுமா என்பதை எல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும் என்று உலகத்துப் பாங்கிகள் பேசுகின்றன. நம் ரிசர்வ் பாங்கியும் பேசுகிறது. கேட்பதற்கு நல்ல விஷயமாக இருக்கிறது. நல்ல விஷயம்தானா, யாருக்கு நல்லது என்பதுதான் கேள்வி.

ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வருஷம் பூராவும் அங்கே பெய்கிற மழை கூட அவ்வளவு கிடையாது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்று போய், சுமார் 800 பேர் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். பொங்கல் முடிந்து சில நாள் கழித்து, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழை விவசாயி ஒருவருடன் நாமும் ஒரு பாங்கிக்குப் போனோம். ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். ஏத்தன் வாழை குலை தள்ளும் சமயத்தில் சாய்ந்துவிட்டது. நிலத்தின் மேல் முழங்கால் அளவுக்கு மணல் ஏறிக் கிடந்தது. மானேஜர் கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பக்கம் ஆற்றங்கரை ஊர்களுக்குப் புதுக் கடன் என்றால் மேலிடத்தில் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ஆபத்து அதிகமுள்ள பகுதி என்கிறார்கள்."

நம்முடன் வந்தவர் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார்: "வெள்ளத்தை நானா சார் கூப்பிட்டேன்?"

மானேஜரிடம் பதில் இல்லை. விவசாயி அன்று சாயங்காலமே நூற்றுக்கு மாதம் பத்து வட்டிக்குக் கைமாற்று வாங்கினார். நாம் பக்கத்தில் இருந்தும் தடுக்க முடியவில்லை. மணலை அள்ளாமல் அடுத்த நடவு இல்லை. அள்ளுவதற்கு ஜே.சி.பி.காரருக்கு அன்றைக்கே ரொக்கம் வேண்டும்.

பாங்கியின் கதவு மூடினால் கடனின் தேவை மறைந்து விடுவதில்லை. அது மீட்டர் வட்டிக்காரன் வாசலுக்குப் போகிறது, அவ்வளவுதான். 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே, இரண்டு பச்சைக் குழந்தைகள் உள்பட, தீயில் கருகியது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து 14 வருஷம் கழித்துத்தான் அந்தத் தீ.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

பாங்கிக்காரர் கடனை மூன்று கேள்விகளால் அளக்கிறார். இவன் கட்டாமல் போக எவ்வளவு வாய்ப்பு? அந்தச் சமயத்தில் பாக்கி எவ்வளவு நிற்கும்? ஜாமீனை விற்றால் அதில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு போகும்? மூன்றையும் பெருக்கினால் வருவது எதிர்பார்க்கும் நஷ்டம்.

ஓர் உதாரணம். நூறு விவசாயிகளுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் என்று ஒரு கோடி கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றில் மூன்று பேரால் கட்ட முடியவில்லை. மூன்று லட்சம் நிற்கிறது. நகையையோ நிலத்தையோ விற்றுப் பாதி வந்துவிட்டது. நஷ்டம் ஒன்றரை லட்சம். அதாவது நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய். இந்த ஒன்றரை ரூபாயை பாங்கி தன் கையிலிருந்து போடுகிறதா? இல்லை. நூறு பேரின் வட்டியிலும் அது முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒழுங்காகக் கட்டுகிற 97 பேரும் அதைச் சுமக்கிறார்கள்.

இப்போது அதே கணக்கில் வெள்ளத்தைச் சேருங்கள். கட்ட முடியாதவர் மூன்று பேர் அல்ல, பத்துப் பேர். மணல் மேடிட்ட நிலத்துக்கு விலை இல்லாததால், விற்றாலும் நூற்றுக்கு நாற்பதுதான் தேறும். நஷ்டம் ஆறு லட்சம். நூறு ரூபாய்க்கு ஆறு ரூபாய், முன்பைப் போல நாலு மடங்கு. ஒன்று வட்டியை ஏற்று, இல்லாவிட்டால் கடனை நிறுத்து, அல்லது கூடுதல் ஜாமீன் கேள் என்று கணக்கு உத்தரவு போடுகிறது. கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு மனிதன் செய்த குற்றம் என்று எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 2003-ல் வாஷிங்டனில் பத்துப் பெரிய பாங்கிகள் கூடி, அணை, சுரங்கம், குழாய் போன்ற பெருந்திட்டங்களுக்குக் கடன் கொடுக்குமுன் சுற்றுச்சூழலையும் அங்குள்ள ஜனங்களையும் பார்ப்போம் என்று சில விதிகளை ஏற்றன. ஈக்வேட்டர் விதிகள் என்று அவற்றுக்குப் பெயர். 2015-ல் பாங்கு ஆப் இங்கிலாந்தின் கவர்னர் மார்க் கார்னி, லண்டன் இன்ஷூரன்ஸ் முதலாளிகள் கூட்டத்தில், பூமி சூடேறுவது பாங்கிகளின் மடியிலேயே கை வைக்கும் என்று எச்சரித்தார். பிறகு மத்திய பாங்கிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தின. 2021-ல் நம் ரிசர்வ் பாங்கி அதில் சேர்ந்தது. 2022-ல் ஒரு விவாதக் குறிப்பு வெளியிட்டது. 2024 பிப்ரவரி 28-ல், பாங்கிகள் இந்த ஆபத்துக்களை எப்படி எடைபோடுகின்றன என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என ஒரு நகல் விதியை வெளியிட்டது.

ஆபத்து இரண்டு வகை என்கிறார்கள். ஒன்று, புயல், வெள்ளம், வறட்சி போன்று இயற்கையால் நேராக வரும் சேதம். மற்றது, காலம் மாறுவதால் வருவது: சட்டம் இறுகும், கோர்ட் தீர்ப்பு வரும், புதிய யந்திரம் வரும், பழைய ஆலை நிற்கும். முதல் வகையைச் சொன்னால் உடனே அவர்கள் கண்ணில் படுவது நம் வாழைத் தோட்டம். இரண்டாவது வகையைச் சொன்னால் கண்ணில் பட வேண்டியது பெரிய ஆலை. அங்கே மட்டும் அவர்கள் பார்வை மங்கிப் போய்விடுகிறது!

நம் தோழர்கள் சிலர், "இதெல்லாம் முதலாளிகளின் புதுச் சரக்கு, நமக்கென்ன?" என்கிறார்கள். நம் அபிப்பிராயம் அதுவல்ல. பாங்கியில் இருப்பது யார் பணம்? மில்லில் முப்பது வருஷம் உழைத்து வாங்கிய கிராஜுட்டியை டெபாசிட் போட்டிருக்கிறார் ஒரு தொழிலாளி. பீடி சுற்றிய காசைப் பெண்ணின் கல்யாணத்துக்கு என்று சேர்த்திருக்கிறார் ஒரு தாய். அந்தப் பணத்தைத் தூக்கி, நாளைக்கு மூடப்படப் போகிற ஆலைக்குக் கொடுத்தால் நஷ்டம் யாருக்கு? ஆகவே கணக்கைச் சரியாகப் போடு என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. சொல்லப் போனால், நம்மைவிட அதிக உரிமை யாருக்கும் இல்லை.

தூத்துக்குடி சொன்ன பாடம்

ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் ரத்னகிரியில் வரவிருந்து, 1993-ல் அங்குள்ள ஜனங்களின் எதிர்ப்பால் நின்றுபோன திட்டம் அது. 1994-ல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார்கள். வருஷத்திற்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. 2010-ல் சென்னை ஹைகோர்ட் மூடச் சொன்னது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2013 ஏப்ரல் 2-ல் சுப்ரீம் கோர்ட் ஆலை ஓடலாம் என்றது. சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்கு 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பத்து நாள் முன்னால்தான் ஒரு விடியற்காலையில் தூத்துக்குடி ஜனங்கள் மூச்சுத் திணறிக் கண் எரிந்து தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாடு வாரியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. தாமிரக் கசடைப் பதினோரு இடங்களில் கொட்டி வைத்து, உப்பாற்றங்கரையில் கொட்டியதையும் அகற்றவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். மே 28-ல் ஆலை மூடப்பட்டது. 2020-ல் ஹைகோர்ட் அந்த மூடலை உறுதி செய்தது. 2022 ஜூனில் ஆலையை விற்கிறோம் என்று கம்பெனியே விளம்பரம் செய்தது. 2024 பிப்ரவரி 29-ல் சுப்ரீம் கோர்ட் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. விதிமீறல் ஒரு தடவை அல்ல, மறுபடி மறுபடி நடந்திருக்கிறது என்பதைக் கோர்ட் எடுத்துச் சொன்னது.

இதைக் கடன் கொடுக்கிறவன் கண்ணால் பாருங்கள். 1994-ல் ஒரு பாங்கி அதிகாரி நோட்டைத் திறந்து, "இந்தத் திட்டம் ரத்னகிரியில் ஏன் நின்றது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கட்டிடம், யந்திரம், விற்பனை, லாபம் என்று எல்லாவற்றையும் எண்ணுகிற நோட்டில், கசடு எங்கே போகும் என்ற கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் அங்கே மதிப்பு சைபர். சைபர் என்று போட்ட இடத்தில்தான் பின்னால் ஆலை முழுவதும் போய் விழுந்தது. பல்லாயிரம் டன் இரும்பும் செம்பும் பூட்டிய கதவுக்குள் துருப்பிடிக்கும்போது, அதை ஜாமீன் என்று யார் சொல்லுவார்?

தூத்துக்குடிப் பெண்களும் மீனவர்களும் வியாபாரிகளும் தெருவில் நின்று சொன்னது என்ன? "இந்த ஆலை இப்படி ஓட முடியாது" என்பதுதான். பாங்கி பாஷையில் அதற்குத்தான் கடன் ஆபத்து மதிப்பீடு என்று பெயர். சம்பளம் வாங்காமல் அந்த மதிப்பீட்டைச் செய்தவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

இதில் நாம் மறைக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. ஆலை மூடியபோது உள்ளே வேலை செய்தவர்களும், கான்டிராக்ட் தொழிலாளர்களும், லாரி டிரைவர்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். முதலாளியின் மற்ற தொழில்கள் மற்ற இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. கூலிக்காரனுக்கு வேறு இடம் ஏது? ஊருக்குள்ளே அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று சண்டை வந்தது. கடன் கொடுக்கும்போதே, "ஆலை உன் குற்றத்தால் மூடினால் தொழிலாளியின் சம்பளத்துக்கு இவ்வளவு தொகையைத் தனியாக ஒதுக்கி வை" என்று ஒரு நிபந்தனை எழுதியிருந்தால்? பாங்கி தன் பணத்துக்கு முதல் உரிமை எழுதி வாங்கிக்கொள்கிறது. தொழிலாளிக்கு அப்படி எழுதி வாங்கத் தடை என்ன இருக்கிறது?

மில் தோழர்கள் இங்கே இருப்பதால் திருப்பூரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பனியன் ஏற்றுமதி கொழித்தது, சாயப்பட்டறைகள் பெருகின, கழிவு நொய்யலில் இறங்கிற்று. விவசாயத்துக்கு என்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறிப் போயிற்று. கீழே கரூர் பக்கத்து விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் ஹைகோர்ட் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. ஒரே உத்தரவில் 700-க்கு மேற்பட்ட பட்டறைகள். கடன் வாங்கிக் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சேர்ந்து நின்றன. தினக்கூலிக்கு வந்திருந்த நம் ஜில்லாப் பையன்கள் பலர் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியது நமக்கு ஞாபகம் இருக்கிறது. லாபம் வரும்போது கழிவைப் பற்றி ஒரு பாங்கியும் கேட்கவில்லை. தீர்ப்பு வந்த மறுநாள் எல்லோரும் கேட்டார்கள்.

ஆறு யாருடைய ஜாமீன்?

இனி நம் ஆற்றுக்கு வருவோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற தாமிரபரணி, தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிகிற ஆறு. எட்டு அணைக்கட்டுகள், பதினோரு கால்வாய்கள், சுமார் 86 ஆயிரம் ஏக்கர் பாசனம். கார், பிசானம் என்று இரண்டு போகம். 1885-ல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் மில் வைத்தது ஏன்? இந்த ஆறு மலையிலிருந்து விழுகிற வேகத்தில் யந்திரம் ஓடும் என்பதால். நமது வயல், நமது மில், தூத்துக்குடி ஆலைகளின் குழாய், கங்கைகொண்டான் குளிர்பானப் பாட்டில் எல்லாமே ஒரே தண்ணீரின் மேல் நிற்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் கொடுத்த ஒவ்வொரு கடனுக்கும், பத்திரத்தில் எழுதாத ஜாமீன் தாமிரபரணிதான்.

அந்த ஜாமீனைக் கெடுக்கிறவர்கள் யார்? ஆற்று மணலை அள்ளி அள்ளி அடிமட்டத்தைத் தாழ்த்தினார்கள். 2010-ல் தோழர் நல்லகண்ணு மதுரை ஹைகோர்ட்டில் தாமே நின்று வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். மணல் லாரி வாங்க ஓடோடிக் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனிகள், அந்த லாரி ஆற்றில் என்ன செய்கிறது என்று என்றைக்காவது கேட்டதுண்டா? ஸ்ரீவைகுண்டம் அணையில் தூர் அடைத்து முட்செடி முளைத்துக் கிடந்தது. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் தூர் வாரும் வேலை துவங்கிற்று. நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குளிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும்.

கங்கைகொண்டான் வழக்கையும் பாருங்கள். குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு 2016 நவம்பரில் மதுரை ஹைகோர்ட் இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச் 2-ல், உபரி நீர்தான் கொடுக்கப்படுகிறது என்ற வாதத்தை ஏற்று வழக்கைத் தள்ளிற்று. உபரி என்றால் என்ன? கடைமடைக்குக் கார் சாகுபடித் தண்ணீர் வராத வருஷத்தில் உபரி எது என்று கடைமடைக்காரனைக் கேட்டால் அவன் வேறு கணக்குச் சொல்லுவான்.

ஆக, வெள்ளமும் வறட்சியும் வானத்திலிருந்து மட்டும் வருவதல்ல. 2023 டிசம்பர் மழை எப்படியும் பெய்திருக்கும். அதை யாராலும் நிறுத்த முடியாது. குளத்துக் கரைகள் பலமாக இருந்தால், ஓடைகளில் கட்டிடம் முளைக்காமல் இருந்தால், அதே மழையில் அழிவு குறைந்திருக்கும். குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். கரையைப் பலப்படுத்தாதது விவசாயியின் குற்றமா? ஆனால் பாங்கி நோட்டில் ஆபத்து என்று எழுதப்படுவது அவன் பெயருக்கு நேரே!

நாம் சொல்வது இதுதான். ஆபத்தை உண்டாக்குகிறவனையும் ஆபத்தில் மாட்டுகிறவனையும் ஒரே தராசில் வைக்காதே. கழிவு விடுகிற ஆலைக்கும், மணல் அள்ளுகிற கம்பெனிக்கும், ஓடையை அடைத்து மனை போடுகிறவனுக்கும் வட்டியை ஏற்று. கேட்க வேண்டிய நிபந்தனையைக் கேள். மீறினால் கடனை நிறுத்து. ஆற்றங்கரை விவசாயியின் ஆபத்தைக் குறைக்க வழி வட்டியை ஏற்றுவது அல்ல. குளத்தைத் தூர் வாருவது, கரையை உயர்த்துவது, மடையைச் சீர் செய்வது. அதற்குச் சர்க்கார் பணம் வேண்டும். பாங்கிக்கு உண்மையிலேயே வெள்ளத்தின் மேல் பயம் இருந்தால், நம்மோடு சேர்ந்து அந்தப் பணத்தைக் கேட்கட்டுமே!

காகிதம் இல்லாதவன்

விதிகளில் நமக்குச் சாதகமானவையும் உண்டு. அவை நம் வாசலுக்கு வந்து சேருவதில்லை. இயற்கைச் சேதத்தில் பயிர் நஷ்டம் 33 சதவிகிதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிட்டால், பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றலாம் என்று ரிசர்வ் பாங்கி 2018-ல் தொகுத்த விதிகளில் இருந்தது. நஷ்டம் பாதிக்குக் கீழே என்றால் இரண்டு வருஷம் வரை, பாதிக்கு மேலே என்றால் ஐந்து வருஷம் வரை அவகாசம். அப்படி மாற்றிய கடனை வாராக்கடன் என்று முத்திரை குத்தக் கூடாது. நம் வாழை விவசாயிக்கு ஏன் இது கிடைக்கவில்லை? அவர் பெயரில் பயிர்க்கடனே இல்லை. நிலம் மடத்து நிலம். பட்டா மடத்தின் பேரில், குத்தகைச் சீட்டு இன்னொருவர் பேரில், அவர் உள்குத்தகை. அடங்கலில் அவர் பெயர் ஏறவில்லை. பயிர் இன்ஷூரன்சுக்குப் போனாலும் அதே அடங்கலைத்தான் கேட்கிறார்கள்.

இந்த ஜில்லாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். உழுகிறவனுக்குப் பாதுகாப்புச் சட்டம் 1955-ல் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969-ல் வந்தது. அதே 1969 ஜூலை 19-ல் 14 பெரிய பாங்கிகள் தேசவுடமை ஆயின. இரண்டும் சேர்ந்து நடந்திருந்தால் குத்தகைக்காரன் பாங்கிக்குள் நிமிர்ந்து போயிருப்பான். நடந்ததோ, பாங்கி ஊருக்கு வந்தது. பதிவு ஊருக்கு வரவில்லை. பதிந்தால் நிலத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்று உடையவனுக்குப் பயம். பதியச் சொன்னால் அடுத்த வருஷம் நிலமே கிடைக்காது என்று உழுகிறவனுக்குப் பயம். இந்தப் பயத்தில் நாமும் போதிய வேலை செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பழைய கணக்கு ஒன்று. 1951-52-ல் ரிசர்வ் பாங்கி நடத்திய கிராமக் கடன் சர்வேயில், விவசாயி வாங்கிய நூறு ரூபாயில் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது மூன்று ரூபாய் சொச்சம். லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது எழுபது ரூபாய் அளவு. அந்த நிலையிலிருந்து எவ்வளவோ மாறித்தான் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன், 12,110 கோடி ரூபாய், தள்ளுபடி செய்யப்பட்டது. நல்ல காரியம். ஆனால் சங்கத்து நோட்டில் பெயர் இருந்தவனுக்குத்தான் தள்ளுபடி. உள்குத்தகைக்காரன் வட்டிக்கடையில் வாங்கியதை யார் தள்ளுபடி செய்தார்? இப்போது வெள்ள ஆபத்து என்ற புதிய சல்லடையையும் பிடித்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்களிலும் பாதிப் பேர் வெளியே விழுவார்கள். ரிசர்வ் பாங்கியின் 2024 நகல் பெரிய பாங்கிகளையும் பெரிய நிதிக் கம்பெனிகளையும் பற்றியதுதான். கிராம பாங்கியும் நம் தொடக்கக் கூட்டுறவுச் சங்கமும் அதில் இல்லை. அதனால் நமக்கு வராது என்று இருந்துவிடாதீர்கள். மேலே போடுகிற வழக்கம் கீழே வராமல் இருந்ததில்லை.

இன்னொன்று. இந்தப் புதிய கணக்கில் சுற்றுச்சூழல் ஒரு கால் என்றால், தொழிலாளர் நிலைமை இன்னொரு கால் என்கிறார்கள். கூலி, வேலை நேரம், பாதுகாப்பு எல்லாம் அதில் வர வேண்டுமாம். வரட்டும்! 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வாரம் ஒருநாள் லீவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி. உடன் நின்றார், கோரிக்கை ஜெயித்தது. அன்றைய முதலாளியின் கணக்கில் அந்த வேலைநிறுத்தம் ஓர் ஆபத்து. ஆனால் லீவே இல்லாமல் பிள்ளைகளையும் வேலை வாங்கியது ஆபத்தாக எழுதப்படவில்லை. மாஞ்சோலைத் தொழிலாளரின் கூலிப் பிரச்னைக்காக 1999 ஜூலை 23-ல் ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் இதே ஆற்றில் பிணமானார்கள். கணக்குப் பிள்ளைகள் இன்றும் வேலைநிறுத்தத்தை ஆபத்து என்று எழுதி, கூலி பாக்கியை எழுதாமல் விட்டால், அது பழைய நோட்டுதான். அட்டை மட்டும் புதுசு.

ஒரு தாய் கை தூக்குகிறார். "நாங்க பீடி சுத்துறவங்க. நிலமும் இல்ல, பட்டாவும் இல்ல. எங்க குழு லோனுக்கு இதுல ஏதாச்சும் உண்டா தோழர்?" என்று கேட்கிறார்.

உண்டு, அம்மா. நகை, நிலம் ஜாமீன் இல்லாமல் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிற இந்தக் கடன்களுக்கு ரிசர்வ் பாங்கி 2022 மார்ச்சில் விதி போட்டது. வருஷ வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள வீடுகளுக்கு இது. வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகக்கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க 2025-ல் தமிழ்நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. ஆனால் எல்லாம் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிறது. "வீட்டு வருமானம்" என்ற கட்டம். முக்கூடல் பக்கம் ஒரு தங்கச்சியின் கடன் அட்டையை நாம் வாங்கிப் பார்த்தோம். மாதம் 24 ஆயிரம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல மாதத்திலேயே அந்த வீட்டுக்கு ஒன்பதாயிரம்தான் வருகிறது என்றாள். 24 ஆயிரத்தில் பாதி பன்னிரண்டாயிரம். அவள் சம்பாதிப்பதை விடப் பெரிய தவணை விதிப்படியே சரியாகிவிட்டது! வெள்ளத்தில் இலை நனைந்து மூன்று வாரம் வேலை இல்லாமல் போனது அந்த அட்டையில் எங்கும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் உங்கள் அட்டையை எடுத்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் நாளைக் காலையில் எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்கு வாருங்கள். உள்குத்தகைக்காரர்கள் கிஸ்தி ரசீதோ குத்தகை கொடுத்த சீட்டோ எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். துண்டுக் காகிதமானாலும் சரி. அடங்கலில் பெயர் ஏற்ற மனு எழுத ஆள் இருக்கிறது.